லோட்ஷெட்டிங்கும் தொட்டி மீன்களும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வருஷத்தில் மூன்று விஷயம் தவறாமல் நடக்கும். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் கிடைக்கிற கடையைக் கண்டுபிடிப்பார்கள். தண்ணீரைக் குடிப்பதில்லை, ‘சாப்பிடுவது’ என்று பெங்காலியில் சொல்லப் பழகுவார்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போய், பிள்ளையின் பிடிவாதத்தில் பாலிதீன் பையில் நாலு கோல்ட்ஃபிஷ்ஷோடு திரும்பி வருவார்கள்.

அப்புறம் ஏப்ரல் மாதம் வரும். நார்வெஸ்டர் என்று இங்கே சொல்கிற காலவைசாகிப் புயல்மழை ஒரு சாயங்காலம் அடித்து நொறுக்கும். கரண்ட் போகும். தொட்டியில் குமிழி நின்றுபோகும். எனக்கு போன் வரும். “சார், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பொளக்குது சார். இன்வெர்ட்டர் வாங்கணுமா?”

வாங்க வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கரண்ட் இல்லாமல் மீனை உயிரோடு வைத்திருக்கும் வித்தை இந்த ஊரில் மின்சாரம் வருவதற்கு முன்பே இருந்தது. லோட்ஷெட்டிங் காலத்தில் அது வேறு வேஷம் போட்டது, பிறகு மறந்தும் போனது. 2020 மே மாதம் எங்கள் வீட்டில் அதை மறுபடி கையிலெடுக்க வேண்டியிருந்தது. அதனால் கொஞ்சம் பழங்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூச்சு விஷயம். தொட்டியில் போடும் காற்றுக்குமிழி தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊசி போல ஏற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு வேலை அங்கே நடப்பதில்லை. குமிழி மேலே ஏறி வந்து உடைந்து, மேல்தண்ணீரைக் கலக்கி, அடித்தண்ணீரை மேலே இழுக்கிறதே, அதுதான் வேலை. தண்ணீரும் காற்றும் தொட்டுக்கொள்கிற இடம் அசைந்துகொண்டே இருந்தால் போதும், ஆக்சிஜன் தானாகக் கரையும். அதிலும் வெயில் காலத்தில் இரட்டை அடி. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சமயம் சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. மாசக் கடைசி சம்பளக்காரன் கதைதான் :-)

எல்லா மீனும் ஒரே ரகமில்லை. கௌராமி, ஃபைட்டர் இரண்டுக்கும் தலைக்குள் ஒரு தனி உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றையே நேரடியாக விழுங்கி மூச்சு விடும். வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் வளர்ந்த ஜாதி. கரண்ட் போனதை அவை கவனிக்கக்கூட மாட்டா. கோல்ட்ஃபிஷ் அப்படியில்லை. பெரிய உடம்பு, பெருந்தீனி, ஏராளமான கழிவு. நம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவது எப்போதும் அதைத்தான்.

இனி கதை.

சியால்தா மெயின் லைனில் விடிகாலை லோக்கல் ரயிலில் வெண்டர் பெட்டி என்று ஒன்று வரும். காய்கறி, பால், பூ, கோழி எல்லாம் அதில் ஏறும். நைஹாட்டிப் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் பார்த்தால், வாய் அகன்ற அலுமினியப் பானைகளோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பானைக்கு இங்கே ஹாண்டி என்று பெயர். அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மீன்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த மனிதரின் கை பானைத் தண்ணீரை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தப், தப், தப் என்று. பேசுவார், பீடி பிடிப்பார், ஸ்டேஷனில் டீ வாங்கிக் குடிப்பார். ஒரு கை ஓய்ந்தால் மறுகை தட்டும்.

வங்காளத்துக் கெண்டை மீன்கள் (இங்கே ரூயி, காத்லா, மிருகேல்) குளத்தில் முட்டையிடாது, ஓடும் ஆற்றில்தான் இடும். அதனால் வெகுகாலம், மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் வலை கட்டி, மிதந்து வரும் குஞ்சுகளைப் பிடித்துக் குளக்காரர்களுக்கு விற்பதே இங்கே ஒரு பெரிய வியாபாரம். ரயில் வந்த பிறகு அந்த வியாபாரம் வெளி மாகாணங்களுக்கும் போயிற்று. ஒரு நாள், ஒன்றரை நாள் பயணத்தில் பானைக்குள் இருப்பது சாகாமல் இருக்க, கூடவே போகிற ஆளின் கைதான் பம்ப்.

கை மட்டுமில்லை. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சூட்சுமம் இருந்தது. குஞ்சுகளைப் பிடித்தவுடன் பானையில் போட மாட்டார்கள். துணித்தொட்டி போன்ற வலையில் சில மணி நேரம் பட்டினி போட்டு, வயிறு காலியான பிறகுதான் ஏற்றுவார்கள். வழியில் கழிவு விழுந்து தண்ணீர் கெடாமல் இருக்கத்தான். மண்பானைக் காலத்தில் தண்ணீரில் கொஞ்சம் பொடித்த செம்மண்ணைக் கலப்பதும் உண்டு. மிதக்கும் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு அது அடியில் படியும். அமோனியா, நைட்ரைட் என்ற வார்த்தைகள் தெரியாமலே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு மீன் வளர்ப்புப் புத்தகத்தில் மின்தடைக்கு முதல் விதி என்று போட்டிருப்பது என்ன? “தீனி போடாதே.” அதேதான்.

இந்தத் தொழில் இரண்டு பக்கம் அடி வாங்கியது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டைகளைக் கட்டுத்தொட்டியிலேயே முட்டையிட வைத்துவிட்டார்கள். (அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.) ஆற்றுக்குஞ்சுக்குப் பதில் பண்ணைக்குஞ்சு வந்தது. அதையொட்டியே பாலிதீன் பையும் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தன. ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், வாயை இறுக்கிக் கட்டினால் ஆள் கூடப் போக வேண்டியதில்லை. காலிஃப் ஸ்ட்ரீட்டில் உங்களுக்குக் கட்டிக் கொடுக்கிற பையும், இங்கிருந்து விமானத்தில் வெளிநாட்டுக்குப் போகிற அலங்கார மீன் பையும் அந்த வம்சம்தான். நம் நாட்டு அலங்கார மீன் ஏற்றுமதியில் பெரும்பகுதி இன்றும் கல்கத்தா வழியாகத்தான் போகிறது. வடகிழக்கு மாநிலங்களின் ஓடைகளில் பிடிப்பதெல்லாம் இங்கே வந்து சேர்ந்துதான் ஏறுகிறது.

வெண்டர் பெட்டி ஹாண்டிக்காரர் மட்டும் இன்னும் ஒழியவில்லை. பக்கத்து ஊருக்குப் போக பாலிதீனும் சிலிண்டரும் எதற்கு? கை இருக்கிறதே.

இது குளத்து மீன் கதை. வீட்டுக் கண்ணாடித்தொட்டி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1850ஐ ஒட்டி லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் ஒரு தொட்டியில் கோல்ட்ஃபிஷ், தண்ணீர்ச்செடி, நத்தை மூன்றையும் போட்டு, தண்ணீரை மாற்றாமலே காப்பாற்றிக் காட்டினார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கழிவு தரும், அழுகுவதை நத்தை தின்னும். அக்வேரியம் என்ற சொல்லைப் பரப்பிய பிலிப் கோஸ்ஸின் புத்தகம் 1854ல் வந்தது. அதற்கு முந்திய வருஷமே லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் வீடு திறந்தாகிவிட்டது. நம்ம மெட்ராஸ் மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் திறந்தார்கள் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அதை மூடியதோடு சரி. பம்பாய் தாராபோரேவாலா 1951ல்தான் வந்தது.

வாரிங்டனின் கணக்கு அழகான கணக்கு. ஆனால் அது பகல் கணக்கு. வெளிச்சம் போனால் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இரவு முழுக்கக் குறைந்து குறைந்து, விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் கீழே இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

செடியை நம்பாமல் காற்றை ஊதலாம் என்ற ஏற்பாடு வீடுகளுக்கு வந்தது மின்சாரத்தோடு. ஐம்பது, நூறு வருஷமாக அடிப்படையில் மாறாத கருவி அது. உள்ளே ஒரு கம்பிச்சுருள், எதிரே ஒரு காந்தம் ஒட்டிய கை, அதன் முனையில் ரப்பர் கிண்ணம். மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறும்போது காந்தம் முன்னும் பின்னும் துடிக்கும். ரப்பர் காற்றைத் தள்ளும். ‘கிர்ர்’ சத்தம் அதுதான். சின்ன பம்ப்புக்கு மூன்று, நான்கு வாட் போதும். இரவு விளக்கைவிடக் குறைவு. ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு: மாறுமின்சாரம்தான் வேண்டும். கார் பேட்டரியை நேரே கொடுத்தால் ஒரு தடவை துடித்துவிட்டு நின்றுவிடும். அதாவது பம்ப்புக்குத் தேவை துளிதான், அந்தத் துளியை வீட்டில் சேமித்து வைக்க வழியில்லை. மின்தடை நேரத்து மீன்களின் பிரச்சினை முழுக்க வெகுநாள் இந்த ஒரு முடிச்சில்தான் இருந்தது.

கல்கத்தாவில் 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் தொடங்கியது. ஆசியாவில் முன்னால் விளக்கெரிந்த நகரங்களில் ஒன்று. அப்பேர்ப்பட்ட ஊர்தான் 1970களிலும் 80களிலும் லோட்ஷெட்டிங்குக்குப் பேர் போனது. அந்த ஆங்கில வார்த்தை பெங்காலியாகவே ஆகிவிட்டது. படிக்காத பாட்டியும் லோட்ஷெட்டிங் என்றுதான் சொல்லுவாள், நாம் ‘கரண்ட் கட்’ என்கிற மாதிரி. தேவை ஏறியது, புது நிலையங்கள் தாமதமாக வந்தன, வந்தவை அடிக்கடி பழுதாகிப் படுத்தன. சாந்தால்டீ நிலையம் நின்றுபோவது அன்றாடச் செய்தி. அன்றைய முதல்வரின் பெயரிலேயே ஜோதி இருந்ததால், கரண்ட் போனால் “ஜோதி பாபு போய்விட்டார்” என்றும் வந்தால் “ஜோதி பாபு வந்துவிட்டார்” என்றும் கிண்டல் செய்வார்களாம். கோலாகாட், டிட்டாகர் நிலையங்களெல்லாம் 80களில் வந்து, 90களின் கடைசியில் பட்ஜ் பட்ஜ் வந்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

ஏரியா ஏரியாவாக முறை வைத்து நிறுத்துவார்கள். அதிகம் நிறுத்தியது எப்போது? எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடுகிற சாயங்கால நேரத்தில். தொட்டிச் செடி ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திவிட்டு எடுக்க ஆரம்பிக்கிற நேரமும் அதுவே! லண்டன் ஜன்னலோரத்தில் சரியாக வந்த வாரிங்டன் கணக்கு, கல்கத்தாவின் ராத்திரி எட்டு மணிக்கு உதவாமல் போனது இதனால்தான்.

அந்த நாளில் என்ன செய்தார்கள் என்று எங்கள் மாடி வீட்டு மாஸ்டர்மஷாய்தான் எனக்குச் சொன்னார். ரிட்டையர்டு பள்ளிக்கூட வாத்தியார், எழுபதுகளிலிருந்து மீன் வளர்க்கிறவர். அவர் உபயோகித்தது ஸ்கூட்டர் ஸ்டெப்னி!

சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். ஸ்டெப்னியில் சைக்கிள் பம்ப்பால் நன்றாகக் காற்று அடித்து வைத்துக்கொள்வது. கரண்ட் போனதும் வால்வின் பிள்ளையைக் கழற்றி விட்டு, ரப்பர்க் குழாயைச் செருகுவது. குழாயில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டிரிப்பில் இருக்குமே, விரலால் உருட்டினால் சொட்டு கூடிக் குறைகிற சின்ன சக்கரம், அதை மாட்டுவது. மறுமுனையில் காற்றுக்கல். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து அங்குல ஸ்கூட்டர் சக்கரத்து ட்யூபின் கொள்ளளவு ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 25 பவுண்டு அழுத்தத்தில் அடித்தால் வெளியே வரக்கூடிய காற்று சுமார் பதினொரு லிட்டர். நிமிஷத்துக்கு நூறு மில்லிலிட்டர் என்று மெலிதாக விட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக வரும். “லோட்ஷெட்டிங்கும் இரண்டு மணி நேரம்தானே, பெரும்பாலும் சரியாக இருக்கும்” என்றார் மாஸ்டர்மஷாய். மறுநாள் காலை ஸ்டெப்னிக்குக் காற்றடிக்க மறந்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தவர்கள் கதை வேறு இருக்கிறதாம்.

டார்ச் பேட்டரியில் ஓடும் குட்டி பம்ப்பும் உண்டு. தூண்டில்காரர்கள் உயிர்மீனை இரையாக எடுத்துப்போக வைத்துக்கொள்வது. உள்ளே நேர்மின்சார மோட்டார், இரண்டு பெரிய செல் போட வேண்டும். செல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 1939லிருந்து காசிப்பூரில் எவரெடி ஆலையே இருக்கிறது. பஞ்சம் காசுக்குத்தான். வாரத்தில் நாலு நாள் மின்தடை என்றால் நாலு கோல்ட்ஃபிஷ்ஷின் விலையைவிட செல் விலை ஏறிவிடும். டார்ச்சுக்கே எண்ணி எண்ணிப் போட்ட வீடுகள் அவை.

பணக்கார வீட்டிலும் கடைகளிலும் ஜெனரேட்டர் வந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் கைப்பெட்டி செட்டுகள் 80களின் பின்பாதியில் பிரபலம். இல்லாதவர்கள் தெருமுனை ஜெனரேட்டர்க்காரரிடம் மாசக் கட்டணத்துக்கு ‘லைன்’ வாங்குவார்கள். ஒரு விளக்கு, ஒரு விசிறி, அவ்வளவுதான். அந்த ஒரு விசிறி தாத்தாவுக்கா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கா என்பதே பஞ்சாயத்து. அதில் மீனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

முடிச்சை அவிழ்த்தது இன்வெர்ட்டர். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கித் தரும் பெட்டி 90களில் வட இந்திய நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்து, 2000களில் சர்வசாதாரணமாயிற்று. மலிவு ரகம் சதுர அலை. அதில் காற்று பம்ப் கொஞ்சம் கூடுதலாக உறுமும், ஓடும். ஃபில்டர் மோட்டார்தான் சூடாகும், சில சமயம் கிளம்பாது. கூடவே கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் யுபிஎஸ் வந்தது. உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. காகிதக் கணக்கில் 84 வாட்-மணி. நாலு வாட் பம்ப் இருபது மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. பெட்டி தன் சொந்தச் செலவுக்கே பம்ப்பைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் கையை விரித்துவிடும், அதுவரை ‘பீப் பீப்’ என்று கத்தி உயிரை எடுக்கும். ஆபீசில் கழித்துப்போட்ட யுபிஎஸ் சும்மா கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்காக இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கினால் இருபதாயிரத்தைத் தொடும், அது வேண்டாம். வீட்டுக்கென்று ஏற்கெனவே இருந்தால் பம்ப்பை அதில் மாட்டுங்கள், வலிக்கவே வலிக்காது.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து, 31ஆம் தேதி மட்டும் 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில் இருந்தார்களே, அப்போதுகூடச் சொந்த நிலையங்கள் இருந்ததால் கல்கத்தா நகரம் பெரும்பாலும் தப்பித்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பையே குடும்பத் தொழிலாக வைத்திருப்பவர்கள் பட்ட பாட்டை ஊருக்குப் போனபோது பார்த்தேன். நமக்கு நாலு மீன். அவர்களுக்குத் தொட்டி தொட்டியாக அடுத்த மாச அரிசி. டீசல் போட்டு ஊதினால் லாபம் போகும், போடாவிட்டால் மீன் போகும். நான் அப்போது, கல்கத்தாவில் இனி லோட்ஷெட்டிங் எல்லாம் மாஸ்டர்மஷாயின் பழங்கதை என்று நிம்மதியாகத் திரும்பினேன்.

2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் வந்தது.

சாயங்காலம் போன கரண்ட். இரவு முழுக்கக் காற்று. காலையில் பார்த்தால் எங்கள் தெருவில் இரண்டு மரம் கம்பிகளின் மேல் படுத்திருந்தது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் விழுந்திருந்தன. அறுத்து அகற்ற ராணுவத்தையே கூப்பிட்டார்கள். ஊரடங்கு வேறு, கடைகள் இல்லை. எங்கள் தெருவுக்கு 24ஆம் தேதி சாயங்காலம்தான் மின்சாரம் வந்தது. இன்வெர்ட்டர் முதல் இரவும் மறுநாள் மத்தியானம் வரையும் தாங்கிவிட்டு அணைந்துவிட்டது. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஆகவே மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் பேச்சே கிடையாது. குடிதண்ணீரைக் கேனில் மாடிப்படி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இருந்தது 90 லிட்டர் தொட்டி, ஆறு கோல்ட்ஃபிஷ், ஐந்து கௌராமி. யுஎஸ்பியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று. பவர்பேங்க் இரண்டு. அதில் ஒன்றை மாடிக்குக் கொடுத்துவிட்டோம். மாஸ்டர்மஷாய் தனியாக இருக்கிறார், இருதய நோயாளி, மகன் பெங்களூரில். மிச்சம் ஒன்று. தென்காசியில் அம்மா டிவியில் கல்கத்தா மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். டவர் பெரும்பாலும் இல்லை. மொட்டைமாடியின் ஒரு மூலையில் ராத்திரியில் ஒரு கோடு வரும், போகும். போனுக்கா, பம்ப்புக்கா?

பதினொரு வயசு மகள் தெளிவாகச் சொன்னாள். “பாட்டி ராத்திரி வரைக்கும் காத்திருப்பாங்கப்பா. மீன் காத்திருக்காது.” பாட்டி எப்படிக் காத்திருப்பாள் என்பதை நான் அவளுக்கு விளக்கவில்லை. என் மனைவிதான் தீர்ப்பு சொன்னாள்: ஒரே ஒரு போன், பகலெல்லாம் அணைத்து வைப்பது, ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியில் பத்து நிமிஷம் மட்டும் போடுவது. அதற்கு போனில் இருக்கும் சார்ஜே நாலு நாள் வரும். பவர்பேங்க் மீனுக்கு, ஆனால் நடுராத்திரியிலிருந்து விடியும்வரை மட்டும். விடிவதற்கு முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், நாமும் தூங்க வேண்டும்.

பகலுக்கு? வெண்டர் பெட்டி ஹாண்டிக்காரரை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. அரை மணிக்கு ஒரு தரம், இருபது குவளை. மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டோம். மகள் எண்ணிக்கொண்டே ஊற்றுவாள். நாலு நாளும் தீனி கிடையாது, அந்தக் குஞ்சு வியாபாரிகளின் பட்டினி விதி. மூடிய ஃபில்டர் டப்பாவுக்குள் இருந்த ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டோம். கழிவை மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. ஓட்டமில்லாத டப்பாவுக்குள் சில மணி நேரத்தில் மூச்சுமுட்டிச் செத்து, கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதையும் மீன் மேலேயே கொட்டும். மின்தடையில் பிழைத்த மீன் கரண்ட் வந்த பிறகு சாவது பல வீடுகளில் இதனால்தான்.

மூன்றாம் நாள் விடிகாலையில் இருப்பதிலேயே பெரிய கோல்ட்ஃபிஷ் போய்விட்டது. மிச்சம் பத்தும் பிழைத்தன. கௌராமிகள் எதையும் கண்டுகொள்ளவில்லை. அம்மாவிடம் முதல் ராத்திரி பேச முடியவில்லை, டவர் வரவில்லை. இரண்டாம் ராத்திரி நாற்பது விநாடி கிடைத்தது. “சாப்டியா?” என்று கேட்டாள், அதற்குள் போய்விட்டது. அது போதும் என்றாள் பிறகு.

ஆகவே, இன்வெர்ட்டர் வாங்கணுமா சார் என்பவர்களுக்கு. ஐந்து வோல்ட்டில் ஓடும் யுஎஸ்பி காற்று பம்ப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நேர்மின்சார மோட்டார், ஒரு வாட்டைச் சுற்றி எடுக்கும். பழைய பம்ப்பின் முடிச்சு இதில் கிடையாது. பத்தாயிரம் மில்லிஆம்பியர் பவர்பேங்க் உள்ளே 37 வாட்-மணி வைத்திருக்கும். இழப்பு போக இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு சோதனை மட்டும் வாங்கியவுடன் செய்யுங்கள்: சில பவர்பேங்குகள், இவ்வளவு குறைந்த மின்சாரம் எடுத்தால் போன் நிரம்பிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அப்படிப்பட்டது இந்த வேலைக்கு ஆகாது. கரண்ட் போனதும் தானாகவே கிளம்புகிற, உள்ளேயே பேட்டரி வைத்த பம்ப்பும் வருகிறது. கொஞ்சம் விலை கூட, வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்று மாட்டிவிடுங்கள், விலை ஒரு டீக்காசு. பம்ப் தொட்டிக்குக் கீழே இருந்து, வால்வும் இல்லையென்றால், கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி வந்து பம்ப்பையும் கெடுத்துத் தரையையும் நனைக்கும்.

நொய்டாவோ புனேவோ, மாற்றலில் போகிற ஊரில் இனிமேல்தான் தொட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் கௌராமியைப் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளையை. நீலம், முத்து, தேன் என்று நிறம் நிறமாக இருக்கிறது. கோல்ட்ஃபிஷ்தான் வேண்டும் என்று அழுதால், ஒரு குவளையும் சேர்த்து வாங்குங்கள் :-)